எடைக்கும் ஓர் இடம் வேண்டும்

அலிபிரியைத் தாண்டித் திருமலை ஏறும் வண்டிகள் பலவற்றில் இந்தச் சத்தம் கேட்கும். கொண்டை ஊசி வளைவு வந்ததும் பின்னால் 'டொம்' என்று ஏதோ மோதும். திரும்பிப் பார்த்தால், இடப்பக்கம் நின்ற தண்ணீர் கேன் வலப்பக்கச் சுவரில் சாய்ந்திருக்கும். எதிர்த் திசையில் அடுத்த வளைவு வந்ததும் அது பழைய இடத்துக்கே வந்து சேரும். யாரும் அதைத் தொடவில்லை. பிறகு தள்ளியது யார்?

யாரும் தள்ளவில்லை என்பதுதான் பதில். வளைவுக்கு முன் வண்டியும் கேனும் ஒரே நேர்கோட்டில் ஒரே வேகத்தில் போய்க்கொண்டிருந்தன. சக்கரங்கள் சாலையைப் பற்றிக்கொண்டு வண்டியைத் திருப்பின. கேனைத் திருப்ப யாரும் இல்லாததால் அது தன் போக்கில் நேராகப் போனது. உண்மையில் வண்டியின் சுவர்தான் கேனை நோக்கி வந்தது. ஒரு பொருள் தான் இருக்கும் நிலையை மாற்ற மறுக்கும் இந்த இயல்பை நம் பள்ளிப் பாடநூல்கள் 'நிலைமம்' என்கின்றன. கேன் வண்டியோடு சேர்ந்து திரும்ப வேண்டுமானால் யாராவது அதை வளைவின் உட்பக்கமாக விடாமல் இழுத்துக்கொண்டிருக்க வேண்டும். அந்த இழுப்புக்கு 'மையநோக்கு விசை' என்று பெயர்.

காட்டுப் பாதையிலும் மலைப் பாதையிலும் ஓடும் வண்டியின் பின்பகுதியில் இழுப்பறைப் பெட்டி, அதாவது டிராயர் பெட்டி, பொருத்துகிறவர்கள் இப்போது பெருகிவிட்டார்கள். கருவிகள், கயிறு, அடுப்பு, தண்ணீர் எல்லாம் ஆளுக்கோர் அறையில் ஒழுங்காக இருக்கும். பார்வைக்கு இது தச்சு வேலை. ஆனால் வீட்டு அலமாரி நிற்கும் தரை அசைவதில்லை. வண்டியின் தரை முன்னும் பின்னும் பக்கவாட்டிலும் மேலும் கீழும் அசைந்துகொண்டே இருக்கிறது. அந்தத் தரையில் பெட்டி வைப்பவர் ஒவ்வொரு எடையையும் வண்டியோடு சேர்த்துத் திருப்பவும் நிறுத்தவும் தூக்கவும் வழி செய்ய வேண்டும். இதில் பாதி இயற்பியல்.

28 நிமிடமும் 40 நிமிடமும்

திருமலைக்கு இரண்டு மலைப்பாதைகள். முதலாவது 1944இல் திறக்கப்பட்டது. இரண்டாவது 1974இல் வந்தது. இப்போது புதியதில் ஏறுகிறார்கள், பழையதில் இறங்குகிறார்கள். ஏறுவதற்குக் குறைந்தது 28 நிமிடமும் இறங்குவதற்குக் குறைந்தது 40 நிமிடமும் எடுத்துக்கொள்ள வேண்டும் என்று தேவஸ்தானம் விதி வைத்திருக்கிறது. கீழே இறங்கும் பாதை சுமார் 19 கிலோமீட்டர். நாற்பது நிமிடத்தில் அதைக் கடந்தால் சராசரி வேகம் மணிக்கு 29 கிலோமீட்டரைத் தொடாது.

இவ்வளவு குறைவாக ஏன்? வளைவில் தேவைப்படும் மையநோக்கு விசை வேகத்தோடு சமமாக வளர்வதில்லை. வேகம் இரண்டு மடங்கானால் விசை நான்கு மடங்காகிறது. 15 மீட்டர் ஆரம் உள்ள இறுக்கமான வளைவு ஒன்றை எடுத்துக்கொள்வோம். மணிக்கு 20 கிலோமீட்டரில் திரும்பினால், 20 கிலோ கேனைக் கூடவே இழுத்துவர நான்கு கிலோ எடைக்குச் சமமான விசை போதும். 30 கிலோமீட்டரில் அது ஒன்பது கிலோவைத் தாண்டும். 40 கிலோமீட்டரில் பதினேழு கிலோ ஆகிவிடும். அதாவது கேன் ஏறக்குறையத் தன் எடை அளவுக்கே பக்கவாட்டில் இழுபடுகிறது.

நிமிடக் கணக்கில் ஓர் ஓட்டை இருப்பதையும் கவனிக்க வேண்டும். அது சராசரியை மட்டுமே பார்க்கிறது. நேரான இடங்களில் மெதுவாகப் போய், ஒரே ஒரு வளைவில் விரட்டினாலும் மொத்த நேரம் சரியாக வந்துவிடும். கேனுக்கு அந்த ஒரு வளைவே போதும்.

கேனை இடத்தில் நிறுத்திவைப்பது அதன் அடிக்கும் தரைக்கும் இடையே உள்ள உராய்வு. வர்ணம் பூசிய இரும்புத் தகட்டின்மேல் பிளாஸ்டிக் கேன் நின்றால், அதன் எடையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு வரைதான் உராய்வு தாங்கும். இருபது கிலோவுக்கு ஆறு, ஆறரை கிலோ. ஆகவே 20 கிலோமீட்டர் வேகத்தில் அசையாத கேன் 30 கிலோமீட்டரில் வழுக்குகிறது. அடியில் ரப்பர் விரிப்பு போட்டால் தாங்கும் அளவு ஏறக்குறைய இரண்டு மடங்காகும். அதே வேகத்தில் கேன் நின்றுவிடும்.

ரப்பர் விரிப்போடு வேலை முடிந்தது என்று நினைக்கலாம். முடியவில்லை. உராய்வு, பொருள் தரையை அழுத்தும் அளவைப் பொறுத்தது. சக்கரம் குழியில் இறங்கும்போது வண்டித்தரை கேனுக்கு அடியிலிருந்து ஒரு கணம் விலகுகிறது. அந்தக் கணத்தில் அழுத்தம் குறைந்து உராய்வும் கிட்டத்தட்ட காணாமல் போகிறது. இதனால்தான் சுமை கட்டும் முறைகளை வகுத்த ஆஸ்திரேலிய, ஐரோப்பிய வழிகாட்டிகள், சுமை தன் எடையில் எண்பது சதவீத விசையை முன்னோக்கியும் ஐம்பது சதவீதத்தைப் பக்கவாட்டிலும் பின்னோக்கியும் தாங்க வேண்டும் என்கின்றன. முன்னோக்கி மட்டும் ஏன் அதிகம்? எந்த வண்டியும் வேகம் எடுப்பதைவிடப் பல மடங்கு விரைவாக பிரேக்கில் நிற்கிறது.

இவை சாதாரண ஓட்டத்துக்கான எண்கள். மோதல் வேறு கணக்கு. மணிக்கு 50 கிலோமீட்டரில் போகும் வண்டி எதிலோ மோதி, முன்பகுதி நசுங்கி எழுபது சென்டிமீட்டருக்குள் நிற்கிறது என்று கொள்வோம். அப்போது 20 கிலோ கேனை நிறுத்த 280 கிலோ எடைக்குச் சமமான விசை வேண்டும். கார் இருக்கைகளைச் சோதிக்கும் ஐ.நா. விதிமுறை ஒன்றில் இதை நேரிலேயே செய்து பார்க்கிறார்கள். 30 சென்டிமீட்டர் பக்கம் கொண்ட, 18 கிலோ எடையுள்ள இரண்டு கட்டைகளைப் பின்னிருக்கைக்குப் பின்னால் வைத்து, மணிக்கு 50 கிலோமீட்டர் வேக மோதலுக்கு ஈடான அதிர்ச்சியைக் கொடுக்கிறார்கள். முதுகுச் சாய்வு தாங்க வேண்டும். நாம் பயணத்துக்கு ஏற்றும் பொருள்கள் அந்த இரண்டு கட்டைகளோடு நிற்பதில்லை.

ஸ்ரீசிட்டியிலிருந்து ஒரு வண்டி

இந்தக் கணக்குகளைப் பொருத்திப் பார்க்க நல்ல வண்டி ஒன்று இந்த மண்ணிலேயே தயாராகிறது. தமிழ்நாட்டு எல்லையில் தடாவுக்கு அருகில் உள்ள ஸ்ரீசிட்டியில் 2016 ஏப்ரல் 27 அன்று இசுஸு நிறுவனத்தின் ஆலை திறக்கப்பட்டது. அன்று அது சித்தூர் மாவட்டம். 2022இல் மாவட்டங்கள் பிரிக்கப்பட்ட பின் திருப்பதி மாவட்டம். அங்கிருந்து வரும் டி-மேக்ஸ் வி-கிராஸ் ஐந்து பேர் உட்காரும் பிக்கப். ஏணி வடிவச் சேஸி, பின்னால் லீஃப் ஸ்பிரிங், திறந்த சுமைத் தொட்டி. தலகோனா பக்கம் காட்டுப் பாதைக்குப் போகிறவர்களும் மாந்தோப்பு வைத்திருப்பவர்களும் விரும்பும் வகை. தொட்டியின் மேல் மூடி போட்டு, உள்ளே இழுப்பறைப் பெட்டி பொருத்த இதன் அமைப்பு தோதானது.

பொதுவான அமைப்பு இப்படி இருக்கும். தொட்டித் தரையில் பிளைவுட்டாலோ அலுமினியச் சட்டத்தாலோ ஆன கூடு. நடுவில் ஒரு தடுப்பு. இரு பக்கமும் நீளமான இரண்டு இழுப்பறைகள். மேலே தட்டையான பலகை. அதன்மேல் பை, படுக்கை, சிறு ஃபிரிட்ஜ். இழுப்பறைகள் ஓடுவதற்கு, தச்சர்கள் 'டெலஸ்கோப்பிக் சேனல்' என்று சொல்லும் மூன்றடுக்கு இரும்புத் தண்டவாளம். அடுக்குகளுக்கு இடையே எஃகு குண்டுகள் உருளும்.

இந்தச் சேனலில்தான் முதல் பொறி இருக்கிறது. சமையலறைக்குப் போடும் சேனல் சோடி பெரும்பாலும் 35 முதல் 45 கிலோ வரைதான் தாங்கும். அதுவும் அசையாத அலமாரியில். பக்கவாட்டில் நிமிர்த்திப் பொருத்தினால்தான் அந்தக் கணக்கு. இடம் மிச்சமாகும் என்று படுக்கவைத்துப் பொருத்தினால் தாங்கும் திறன் பெரிதும் விழுந்துவிடும். நிமிர்ந்து நிற்கும் பட்டை வளைய மறுக்கும்; படுத்த பட்டை சுலபமாக வளையும். கனமான இழுப்பறைக்கு நூறு கிலோவும் அதற்கு மேலும் தாங்கும் வகை தனியாகக் கிடைக்கிறது.

இரண்டாவது பொறி நம் எதிர்பார்ப்புக்கு நேர்மாறானது. சேனல் எவ்வளவு நன்றாக இருக்கிறதோ, அவ்வளவுக்கு இழுப்பறை தானாகத் திறந்துகொள்ளும். பத்தடி போனால் ஓரடி உயரும் சரிவில் வண்டி ஏறுகிறது என்று வைத்துக்கொள்வோம். 60 கிலோ நிறைந்த இழுப்பறை பின்னோக்கி ஆறு கிலோ விசையோடு சரியப் பார்க்கும். மரத்தின் மேல் மரம் உராயும் பழைய மேசை இழுப்பறை இதற்கெல்லாம் அசையாது; உராய்வே பூட்டு. குண்டுகள் உருளும் சேனலிலோ தடை, எடையில் நூற்றில் ஒரு பங்கு அளவே. அறுநூறு கிராம் தடையால் ஆறு கிலோவை நிறுத்த முடியாது. ஆகவே இங்கே தாழ்ப்பாள் ஒப்பனைக்கு வைப்பதில்லை. சரிவு, பிரேக், வளைவு மூன்றையும் தாங்கும் உறுப்பு அதுதான். மூடிய நிலையில் ஒரு பூட்டு போதாது. முழுதாக இழுத்த நிலையிலும் ஒரு பூட்டு வேண்டும். வண்டியின் மூக்கு கீழ்நோக்கி நிற்கும் இடத்தில் இழுப்பறையைத் திறந்து கையை உள்ளே விட்டவருக்கு அதன் அருமை தெரியும்.

இடுப்புக் குடமும் நீட்டிய கையும்

தண்ணீர்க் குடத்தை இடுப்பில் அணைத்துக்கொண்டு அரை மைல் நடந்துவிடலாம். அதே குடத்தைக் கையை முன்னால் நீட்டிப் பிடித்தால் பத்தடி தாண்டுவதற்குள் தோள் கழன்றுவிடும். குடத்தின் எடை மாறவில்லை. உடம்பிலிருந்து அது விலகிய தூரம் மாறியது. எடையையும் தூரத்தையும் சேர்த்துப் பெருக்கிக் கிடைப்பதைத் 'திருப்புத்திறன்' என்கிறோம். எதையும் சாய்க்கவும் சுழற்றவும் வல்லது அதுவே.

இழுப்பறைப் பெட்டியில் இது இரண்டு இடங்களில் வேலை செய்கிறது. முதலாவது, இழுப்பறை வெளியே வரும்போது. கூடு மட்டும் 40 கிலோ, முன்னும் பின்னுமாக அதன் நீளம் 120 சென்டிமீட்டர் என்போம். அதன் எடை, பின்விளிம்பிலிருந்து 60 சென்டிமீட்டர் உள்ளே அமர்ந்திருக்கிறது. 60 கிலோ இழுப்பறை முழுவதும் வெளியே வந்ததும் அதன் எடை விளிம்பிலிருந்து 50 சென்டிமீட்டர் வெளியே தொங்குகிறது. உள்ளே அழுத்துவது 40 பெருக்கல் 60. வெளியே இழுப்பது 60 பெருக்கல் 50. வெளியே இருப்பது வென்றுவிட்டது. பெட்டியைத் தரையோடு பிணைக்காவிட்டால், மற்ற இழுப்பறையில் கனம் இல்லாதபோது ஒரே ஓர் இழுப்பறையைத் திறந்தாலே மொத்தப் பெட்டியும் முன்பக்கம் எழும்பும். எனவே கேபினை ஒட்டிய போல்ட்டுகளுக்குத்தான் மேல்நோக்கிய இழுப்பு அதிகம். அந்த மூலையில் கை எட்டாது என்று பலரும் அலட்சியம் செய்வதும் அங்கேதான்.

இரண்டாவது இடம் வண்டியின் அச்சு. வி-கிராஸின் முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையே 3,095 மில்லிமீட்டர். பின் அச்சுக்கு ஒரு மீட்டர் பின்னால், அதாவது தொட்டிக் கதவை ஒட்டி, 100 கிலோ வைத்தால் பின் சக்கரங்களில் கூடுவது 100 கிலோ என்றுதான் நினைப்போம். கூடுவது 132 கிலோ. மீதி 32 கிலோ எங்கிருந்து வந்தது? முன் சக்கரங்களிலிருந்து. பின் அச்சு நடுப்புள்ளியாகி, பின்னால் வைத்த எடை முன்பகுதியைச் சற்றுத் தூக்கிவிட்டது. வண்டியைத் திருப்புவதும், பிரேக் வேலையில் பெரும் பங்கைச் செய்வதும் முன் சக்கரங்கள். அவற்றின் பிடியைப் பின்னால் வைத்த பெட்டி குறைத்துவிட்டது. அதே 100 கிலோவைக் கேபின் சுவரை ஒட்டி, பின் அச்சுக்கு நேர் மேலே வைத்தால் இந்த 32 கிலோ விளையாட்டு இல்லை.

இதைத் தாளில் போட்ட கணக்காக மட்டும் நம்ப வேண்டியதில்லை. சித்தூரில் பங்காருபாளையம் மாங்காய் மண்டியின் சுற்றுவட்டாரத்தில் எடைமேடைக்குப் பஞ்சமில்லை. கிளிமூக்கு மாங்காய்ப் பருவத்தில் கூழ் ஆலைகளுக்குப் போகும் டிராக்டர்களும் லாரிகளும் அவற்றில் வரிசை கட்டும். வெற்று வண்டியின் முன் சக்கரங்களை மட்டும் மேடையில் ஏற்றி ஒரு சீட்டு. பின் சக்கரங்களை மட்டும் ஏற்றி ஒரு சீட்டு. பெட்டி பொருத்தி, பொருள் நிரப்பி, டீசல் அளவு மாறாமல் மறுபடி இரண்டு சீட்டு. லாரிக்கான மேடை ஐந்து, பத்து கிலோ படிகளில்தான் எண் காட்டும் என்றாலும், முன்பக்கம் எடை குறைந்திருப்பது கண்ணுக்குத் தெரியும். ஆர்.சி. புத்தகத்தில் குறித்த மொத்த எடை வரம்போடு ஒப்பிட்டுப் பார்க்கவும் இந்தச் சீட்டுகளே சான்று.

நீளத்தைப் போலவே உயரமும் முக்கியம். வண்டியின் எடை முழுவதும் ஒரே புள்ளியில் குவிந்ததாகக் கருதினால், அந்தப் புள்ளி 'ஈர்ப்பு மையம்'. அது எவ்வளவு உயரத்தில் இருக்கிறது, இடது வலது சக்கரங்கள் எவ்வளவு விலகி நிற்கின்றன என்ற இரண்டின் விகிதமே வண்டி எவ்வளவு எளிதில் கவிழும் என்பதைப் பெருமளவு முடிவு செய்கிறது. சக்கர இடைவெளியில் பாதியை ஈர்ப்பு மையத்தின் உயரத்தால் வகுத்தால் ஓர் எண் வரும். அமெரிக்க நெடுஞ்சாலைப் பாதுகாப்பு அமைப்பு 2001ஆம் ஆண்டு மாடல்களிலிருந்து இந்த எண்ணை வைத்தே கவிழும் அபாயத்தைத் தரப்படுத்தத் தொடங்கியது. சாதாரணக் கார்களுக்கு இது பெரும்பாலும் 1.3 முதல் 1.5 வரை. பிக்கப், எஸ்.யூ.வி. வகைகளுக்கு 1.0 முதல் 1.3 வரை. ஏற்கெனவே குறைந்த எண்ணோடு பிறந்த வண்டியின் மேல் கேரியரில் நான்கு கேன் தண்ணீர் ஏற்றினால் அது இன்னும் குறையும்.

இழுப்பறைப் பெட்டியின் மறைவான நன்மை இதில் இருக்கிறது: கனத்தைத் தரையில் உட்காரவைக்கிறது. ஆனால் அந்த நன்மை தானாக வராது. தண்ணீர், பேட்டரி, ஜாக்கி, கருவிப் பை எல்லாம் கீழ் இழுப்பறையில், கேபின் பக்கமாக. துணி, படுக்கை, காலிப் பாத்திரம் மேல் பலகையில். அடிக்கடி எடுப்பது எதுவோ அதைக் கைக்கெட்டும் இடத்தில், கதவுப் பக்கமாக வைப்பது நம் வழக்கம். அடிக்கடி எடுப்பது கனமானதாகவும் இருந்தால், வசதியா எடையா என்று கேட்டு, எடையின் பக்கம் தீர்ப்பு சொல்ல வேண்டும். தீயணைப்பான் மட்டும் இதற்கு விலக்கு. அது எந்த இழுப்பறைக்குள்ளும் போகக் கூடாது.

போல்ட் ஏன் கழல்கிறது?

பெட்டியைத் தரையோடு பிணைப்பது நாலைந்து போல்ட்டுகள். போல்ட் ஓர் ஆணியைப் போலக் குறுக்கே நின்று தடுக்கிறது என்றே பலரும் எண்ணுகிறோம். அதன் முதல் வேலை வேறு. முறுக்க முறுக்க போல்ட்டின் தண்டு இம்மி அளவு நீள்கிறது. நீண்ட எஃகு சுருங்கப் பார்க்கிறது. அந்தச் சுருக்கம் இரண்டு தகடுகளையும் சேர்த்து நெரிக்கிறது. இந்த நெரிப்பை 'முன்னிறுக்கம்' எனலாம். 8.8 தரக் குறியிட்ட 8 மில்லிமீட்டர் போல்ட்டை ஏறக்குறைய 25 நியூட்டன்-மீட்டர் அளவுக்கு முறுக்கினால், அது ஒன்றரை டன்னுக்குக் குறையாமல் நெரிக்கும். நான்கு போல்ட் சேர்ந்தால் ஆறு டன். அந்த நெரிப்பில் பிறக்கும் உராய்வே பெட்டியை வழுக்காமல் பிடித்து வைக்கிறது. 150 கிலோ பெட்டி கடும் பிரேக்கில் தள்ளும் 120 கிலோ விசை இதற்கு முன் ஒன்றுமேயில்லை.

இவ்வளவு பிடி இருந்தும் சில நூறு கிலோமீட்டரில் நட் கழல்வது எப்படி? 1969இல் கெர்ஹார்ட் யுங்கர் என்ற ஜெர்மானியப் பொறியாளர் இதற்கு விடை கண்டார். போல்ட்டை அதன் நீளவாக்கில் இழுத்து அதிரவைத்தால்தான் கழலும் என்று அதுவரை நினைத்திருந்தார்கள். யுங்கர், போல்ட் பிணைத்த தகட்டைப் பக்கவாட்டில் முன்னும் பின்னும் அசைக்கும் பொறி ஒன்றைச் செய்து, ஒவ்வோர் அசைவிலும் இறுக்கம் எவ்வளவு இறங்குகிறது என்று அளந்தார். பக்கவாட்டு நழுவல் இருந்தால், சில நூறு அசைவுகளிலேயே நட் முழுதாகத் தளர்ந்துவிட்டது.

காரணம் நுட்பமானது. போல்ட்டின் மரை ஒரு சாய்தளம். நெரிக்கப்பட்ட நட் அந்தச் சரிவில் கீழே இறங்கவே எப்போதும் பார்க்கிறது. உராய்வு அதைப் பிடித்திருக்கிறது. தகடுகள் பக்கவாட்டில் நழுவும்போது, உராய்வு முழுவதும் அந்த நழுவலை எதிர்ப்பதில் செலவாகிவிடுகிறது. நட் சுழல்வதைத் தடுக்க அந்தக் கணத்தில் யாரும் இல்லை. ஒவ்வொரு நழுவலுக்கும் அது ஒரு நூலளவு திரும்பிக்கொள்கிறது. இதே வகைப் பொறியில், நாம் ஆண்டாண்டாக நம்பிவந்த ஸ்பிரிங் வாஷர் பெரிதாக உதவவில்லை என்பதும் தெரியவந்தது.

இதிலிருந்து பட்டறைக்குப் போகும் பாடங்கள் தெளிவானவை. நழுவலே நடக்காத அளவுக்கு முன்னிறுக்கம் வேண்டும். ஆகவே முறுக்கும் அளவைக் காட்டும் டார்க் ரெஞ்ச் வேண்டும். பிளைவுட்டை நேராக நெரித்தால் மரம் நாளடைவில் அமுங்கி இறுக்கம் போய்விடும். எனவே பெட்டியில் இரும்புக் கோணச்சட்டம் பொருத்தி, அந்த இரும்பை வண்டியின் இரும்போடு நெரிக்க வேண்டும். நைலான் வளையம் உள்ள நட் போடலாம். நட் தளர்ந்தாலும் கழன்று விழாது. முதல் பயணம் முடிந்ததும் ஒருமுறை இறுக்கிப் பார்க்க வேண்டும். பூச்சும் தூசியும் நசுங்கி இறுக்கம் சற்று இறங்குவது இயல்பு.

போல்ட் எதைப் பிடித்திருக்கிறது என்பதும் கேள்வி. தொட்டியின் தரைத் தகடு ஒரு மில்லிமீட்டர் அளவே தடிமன். நான்கு போல்ட்டும் அறுபட ஏழு டன் விசை வேண்டியிருக்கலாம். மோதலின்போது அதற்கு வெகு முன்பே இந்தத் தகடு கிழிந்துவிடும். எனவே வண்டியின் தயாரிப்பாளர் ஏற்கெனவே தந்திருக்கும் கட்டுவளையத் துளைகளைப் பயன்படுத்த வேண்டும். புதிதாகத் துளைத்தே ஆக வேண்டுமென்றால், உள்ளங்கை அகலத்துக்கு ஓர் எஃகுத் தகட்டை அடியில் கொடுத்து, விசையைப் பரவவிட வேண்டும். துளைக்கு முன் கீழே படுத்துப் பார்ப்பதும் அவசியம். பிரேக் குழாயும் ஒயரும் எந்த வழியாகப் போகின்றன என்று மேலிருந்து தெரியாது.

அலைச்சாலை

பக்கவாட்டு அசைவுகளை ஆயிரக்கணக்கில் தருவது எது? தார் போடாத சாலையில் குறுக்காக விழும் அலைகள். சலவைப் பலகையின் வரிகளைப் போல அரை மீட்டர், ஒரு மீட்டர் இடைவெளியில் சீராக அமைந்திருக்கும் மேடு பள்ளங்கள். யாரோ அளந்து வெட்டியது போல இவை வருவது எப்படி? வண்டிகளின் ஸ்பிரிங் துள்ளுவதால் என்று சொல்வது வழக்கம். 2007இல் டாபர்லே, மோரிஸ், மெக்எல்வேன் என்ற மூன்று இயற்பியலாளர்கள், சுழலும் மணல் மேசையின் மேல் ஒரு சிறு சக்கரத்தை உருளவிட்டுச் சோதித்தார்கள். ஸ்பிரிங் இல்லாத கெட்டிச் சக்கரம் உருண்டாலும் அலைகள் வந்தன. ஆனால் குறிப்பிட்ட ஒரு வேகத்துக்குக் கீழே உருட்டியபோது மணல் தட்டையாகவே இருந்தது. அலையை உண்டாக்குவது வேகம். ஸ்பிரிங் இருந்தால் அலையின் அளவு மாறலாம், அவ்வளவுதான்.

ஒரு மீட்டர் அலைச்சாலையில் மணிக்கு 36 கிலோமீட்டரில் போனால், சக்கரம் நொடிக்குப் பத்து அடி வாங்குகிறது. ஒரு மணி நேரத்தில் முப்பத்தாறாயிரம். இழுப்பறையின் பக்கப் பலகை, தாழ்ப்பாளின் நாக்கு, மேல்பலகையின் நடுப்பகுதி என ஒவ்வோர் உறுப்புக்கும் தட்டினால் அதிரும் வேகம் ஒன்று சொந்தமாக உண்டு. அதை 'இயல் அதிர்வெண்' என்கிறோம். சாலை தரும் அடியின் எண்ணிக்கை அதோடு ஒத்துப்போனால், அடிக்கு அடி அசைவு பெருகும். இது 'ஒத்ததிர்வு'. பெட்டியில் ஏதோ கடகடக்கிறது என்றால், எந்த வேகத்தில் கடகடக்கிறது என்று குறித்துக்கொள்ள வேண்டும். ஒரு வேகத்தில் மட்டும் வந்து, கூட்டினாலும் குறைத்தாலும் நிற்கும் சத்தம் பெரும்பாலும் ஒத்ததிர்வு. அந்தப் பலகைக்கு ஒரு குறுக்குச் சட்டம் கொடுத்தால் அடங்கும். எல்லா வேகத்திலும் வரும் சத்தம் பெரும்பாலும் தளர்வு. தாழ்ப்பாளிலோ சேனலிலோ இடைவெளி இருக்கிறது, ரப்பர் தக்கை வேண்டும்.

கனமான பெட்டி நல்ல பெட்டியா?

அதிர்ச்சிக்குப் பயந்து பலரும் தடித்த பலகைக்குப் போகிறார்கள். எட்டடிக்கு நாலடி பிளைவுட் பலகை 18 மில்லிமீட்டர் தடிமனில் ஏறக்குறைய 35 கிலோ. 12 மில்லிமீட்டரில் 23 கிலோ. ஒரு பெட்டிக்கு இரண்டு பலகை என்றால் 70 கிலோவா 46 கிலோவா என்பது கேள்வி. விறைப்பு, தடிமனின் மும்மடிப் பெருக்கமாக வளர்கிறது. எனவே 12 மில்லிமீட்டர் பலகை 18ஐவிட மூன்று மடங்குக்கு மேல் வளையும். தடித்ததே மேல் என்று தோன்றும். ஆனால் பலகை தாங்கலின்றி நிற்கும் தூரத்தைப் பாதியாக்கினால் வளைவு எட்டில் ஒரு பங்காகவோ அதற்கும் கீழாகவோ இறங்கிவிடுகிறது. இரண்டு இழுப்பறைகளுக்கு நடுவே இருக்கும் தடுப்பு இதைத்தான் செய்கிறது. ஆகவே மெல்லிய பலகையும் நல்ல நடுத் தடுப்பும் சேர்ந்தால், தடித்த பலகையை வென்றுவிடும். நாரின் திசை ஒன்றுக்கொன்று குறுக்காக அமையும்படி அடுக்குகளை ஒட்டியிருப்பதால் பிளைவுட் எந்தப் பக்கமும் எளிதில் பிளவுபடாது. மழையில் நனையும் தொட்டிக்கு ஐ.எஸ். 710 முத்திரை உள்ள கடல் தரப் பலகை ஏற்றது.

சட்டத்தையும் காவலையும் பற்றி இரண்டு செய்திகள். மோட்டார் வாகனச் சட்டம், 1988இன் 52ஆம் பிரிவு, தயாரிப்பாளர் குறித்த விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றுவதைக் கட்டுப்படுத்துகிறது. வெட்டாமல், பற்றவைக்காமல், இருக்கும் துளைகளில் கழற்றக்கூடிய வகையில் பொருத்துவதே புத்திசாலித்தனம். அடுத்தது இந்த ஊருக்கே உரியது. அலிபிரியில் மது, இறைச்சி, புகையிலைக்காக ஒவ்வொரு வண்டியையும் சோதிக்கிறார்கள். சேஷாசலம் காட்டுப் பாதைகளில் செம்மரக் கடத்தலுக்காகச் சோதனை உண்டு. தரைக்கு மேல் ஓர் அடி உயர்ந்த இன்னொரு தரையைப் பார்க்கும் காவலர் முதலில் சந்தேகப்படுவது இயல்பு. சாவி ஓட்டுநர் கையில் இருக்க வேண்டும். மேல் சாமான்களை இறக்காமலே இரண்டு இழுப்பறைகளும் முழுதாகத் திறக்க வேண்டும். தடுப்புக்குப் பின்னால் கண்ணுக்குத் தெரியாத வெற்றிடம் எதையும் விடக் கூடாது.

பெட்டி செய்யக் கொடுக்கும் முன் மூன்று அளவுகளை எழுதிவைத்துக்கொண்டால் தச்சருக்கும் நமக்கும் குழப்பம் இராது: ஆர்.சி. புத்தகம் இன்னும் எத்தனை கிலோ அனுமதிக்கிறது, அதில் ஆட்கள் போக மிச்சம் எவ்வளவு, அந்த மிச்சத்தில் பெட்டியே எவ்வளவு தின்கிறது. மூன்றாவது எண்தான் நம் கையில் இருப்பது. பலகையில் மிச்சம் பிடிக்கும் 24 கிலோ, ஒரு முழுக் கேன் தண்ணீரைவிடக் கூடுதல். தலகோனா காட்டில் இறங்கிய பிறகு பெட்டியின் தடிமனை யாரும் குடிக்க முடியாது.